அடைக்கு வெச்ச முட்டை

மிதிச்சுப்போட்டீங்களா? செருப்பை அங்கயே உட்டுட்டு வாங்க அம்மிணி, நான் அப்புறமாத் தண்ணி ஊத்திக் கழுவி வெக்கறேன். கோழிப் பீதானுங்க அது. இந்த ஊட்டுல எங்க காலை வெச்சாலும் அதுதான். அந்த நாத்தம் என்ர மூக்குக்குள்ளயே குடியேறிப்போச்சு. சோத்துல கை வெச்சாச் சோத்துல அடிக்குது, சட்டையை மோந்து பாத்தாச் சட்டையில அடிக்குது. மேடம்னு கூப்பிடணும்னாச் சொல்லிப்போடுங்க, எனக்கு அம்மிணின்னுதான் வாயில வருது. அந்தச் சேர் வேண்டாம், காலைல ஒரு சனியன் அதுல ஏறி உக்காந்திருந்துச்சு. இப்படிக் கட்டில்ல உக்காருங்க.

கலாமணி பால் வாங்கப் போயிருக்கறா. நீங்க பதினொரு மணிக்கு வருவீங்கன்னு சொன்னா, பத்தரைக்கே வந்துட்டீங்க. நல்லதாப் போச்சு. அவ வர்றதுக்குள்ள நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். நீங்க ஊடு பாக்க வந்திருக்கறீங்க. எங்களுக்குத் தத்துக் குழந்தை குடுக்கலாமா வேண்டாமான்னு நீங்க எழுதறதுலதான் இருக்குதுன்னு அவ சொல்றா. மூணு வருசமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கறா. வயசு ஏறிக்கிட்டே போகுது, இந்த முறை விட்டா அப்புறம் கைக்குழந்தை கிடைக்காதுன்னு பொலம்பறா. வேண்டாம்னு எழுதிப்போடுங்க அம்மிணி. நான் சொன்னேன்னு மட்டும் எழுத வேண்டாம்.

ஏன் வேண்டாம்னு கேக்கறீங்க. கோழிதானுங்க காரணம். சிரிக்காதீங்க. முழுசாக் கேட்டுப்போட்டு அப்புறம் சிரிங்க.

நான் லேத்துப் பட்டறை வெச்சிருக்கறவன். ரெண்டு மிசினு. ஒரு நூல் பிசகினாலும் அந்த பீஸைத் தூக்கி ஸ்கிராப்புல போட்டுருவேன், அப்படி ஒரு கை என்ரது. அன்னூர்ல யாரைக் கேட்டாலும் நாச்சிமுத்து பட்டறைன்னாச் சொல்லுவாங்க. எனக்கு எதுவும் சுத்தமா இருக்கோணும். கோழின்னாலும் சுத்தமான சாதியா இருக்கோணும். கிளிமூக்குச் சேவல் பாத்திருக்கறீங்களா? மூக்கு கிளிக்கு இருக்கறாப்பல வளைஞ்சு இருக்கும். வாலு தரையைக் கூட்டும். கண்ணு வெள்ளையா இருக்கும். சண்டைக்கு உடறதில்லைங்க, கண்காட்சிக்குக் கொண்டு போறது. மைக்குல பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க, கப்பு குடுப்பாங்க. காங்கேயத்துல என்ர பெரியப்பா மகன் பொங்கியண்ணன் இருக்கறாரு, அவரு மூணு தலைமுறையா அந்த வம்சத்தைக் காப்பாத்திக்கிட்டு வர்றாரு. முட்டை வெளிய குடுக்கவே மாட்டாரு. நான் ரெண்டு வருசம் பின்னாலயே நடந்து, போன சித்திரையில பதிமூணு முட்டை வாங்கிட்டு வந்தேன்.

வாங்கிட்டு வந்து சும்மா தூக்கி அடைக்கு வெச்சிர முடியுங்களா? நாள் பாக்கோணும். முட்டையைச் சாமி அலமாரியில ஒரு தட்டத்துல தவிடு போட்டு வெச்சுட்டுக் காலண்டரை எடுத்தேன். அடுத்த நாள் கரிநாள். அப்புறம் அஷ்டமி, நவமி. அப்புறம் தேய்பிறைன்னே நாலஞ்சு நாள் போச்சு. வளர்பிறை வந்துச்சு, வந்தாக் கீழ்நோக்கு நாள். கெணறு வெட்டறதுக்கும் கிழங்கு போடறதுக்கும் கீழ்நோக்கு நாள் சரி, மேல வர வேண்டிய உசுரை அன்னைக்கு வெக்கலாமுங்களா? கலாமணி தெனமும் வந்து நிப்பா. "ஏனுங்க, வெயிலு இந்தக் காச்சு காச்சுது. முட்டை இத்தனை நாள் தாங்காதுங்க. இன்னைக்கே வெச்சிரலாம்"னு. நான் ஒரு அதட்டல் போட்டேன். பதினேழாம் நாள், வெள்ளிக்கிழமை, வளர்பிறை, மேல்நோக்கு நாள், சித்த யோகம், எல்லாம் ஒண்ணாச் சேந்து வந்துச்சு. அன்னைக்கு வெச்சேன்.

கிளிமூக்குப் பெட்டை கனமா இருக்கும், அடைக்கு உக்காந்தா முட்டையை ஒடச்சுப்போடும். அதனால பக்கத்து ஊட்டுச் சகாயமேரி அக்காகிட்ட ஒரு அடைக்கோழியை இரவல் வாங்கினோம். அவங்க பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கறவங்க. அவங்க ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில கெடக்கற கோழிகளைப் பாத்தீங்கன்னா உங்களுக்குச் சோறு எறங்காது. நாட்டுக்கோழியும் பண்ணைக்கோழியும் கருங்கோழியும் எதெதோ ஒண்ணுமேல ஒண்ணு ஏறி, எது யாருக்குப் பொறந்துச்சுன்னு அந்த ஆண்டவனுக்கே கணக்குத் தெரியாது. இரவல் வந்ததும் அந்தக் கும்பல்தான், பேரு கறுப்பி. அடைக்குத்தானேன்னு நானும் பொறுத்துக்கிட்டேன். கூடையில மணல் போட்டு, வைக்கோல் போட்டு, இடி இடிச்சா முட்டைக்கு ஆகாதுன்னு ஒரு இரும்பு ஆணி, அடுப்புக்கரி, வரமொளகாய் எல்லாம் போட்டு நானே கையால அடுக்கி வெச்சேன்.

இருபத்தொரு நாள்ல பொரிக்கோணும். பொரிக்கலைங்க. இருபத்திரண்டு, இருபத்திமூணு, ஒண்ணும் காணோம். நான் கூடையைத் தூக்கிப் பாக்கலாம்னு போனாக் கலாமணி குறுக்க வந்து நிக்கறா. அடையில இருக்கற கோழியை ஆம்பளை தொந்தரவு பண்ணக்கூடாது, நல்ல வம்சத்துக்கு நாள் எச்சா ஆகும்னா. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. பட்டறைக்கு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் நானே எடுத்துச் சொன்னேன், உசந்த சாதிக்கு நாள் எச்சாத்தான் ஆகும், அவசரப்பட்டா ஆகாதுன்னு. இருபத்தெட்டாம் நாள் பொரிச்சுதுங்க. பதினோரு குஞ்சு.

அதுகளை நான் வளத்தின வளத்தியை நீங்க பாத்திருக்கோணும். பட்டறையைப் பையனுககிட்ட உட்டுட்டுக் காட்டுல போய்க் கரையான் புத்து வெட்டிக் கொண்டாருவேன். கம்பை நொய்யா இடிச்சு, சின்ன வெங்காயத்தை அரிசி அரிசியா அரிஞ்சு, மஞ்சத் தண்ணி கலந்து, ஒவ்வொண்ணையும் கையில எடுத்துக் கண்ணுல சொட்டு மருந்து உட்டு. காக்கா தூக்கிரக் கூடாதுன்னு பொடக்காலிக்கு மேல மீன்வலை கட்டினேன். மழை சாரல் அடிச்சாக் கொடாப்புக்கு மேல என்ர லுங்கியைப் போட்டு மூடுவேன். கொடாப்புன்னா நாங்க கோழியைக் கவுத்தி மூடற மூங்கில் கூடைங்க. கட்டின பொண்டாட்டிக்கு நான் காச்சல்ல கஞ்சி வெச்சதில்லை. இதுகளுக்கு வெச்சேன்.

அதுல ஒண்ணுக்குப் பொறந்தப்பவே கழுத்துல முடியில்லை. வெயில்ல பொறந்ததுனாலன்னு நெனச்சுக்கிட்டேன். ஒண்ணுக்குக் கால்ல செருப்பு போட்டாப்பல ரோமம். ராஜ வம்சத்துல ஒண்ணு ரெண்டு அப்படி வரும்னு சொன்னேன். ஒண்ணுக்கு ஒண்ணரை மாசத்துல தலைமேல கொண்டை போட்டாப்பல ரோமம் நின்னுச்சு. வெள்ளையா ஒண்ணு, தின்னுட்டுத் தின்னுட்டு வயித்தைத் தரையில போட்டுப் படுத்துக்கும், நடக்கக்கூட யோசிக்கும். மூக்கு பூராவும் நேரா ஆணியாட்டம் இருந்துச்சு. மூக்கு வளைய அஞ்சு மாசம் ஆகும்னு நானே என்ர மனசுக்குச் சொல்லிக்கிட்டேன்.

நாலாவது மாசம் போட்டோ எடுத்துக் கிளிமூக்குக்காரங்க வாட்சப் குரூப்புல போட்டேன். எண்ணூத்திச் சொச்சம் பேரு இருக்கற குரூப்பு அது. பொங்கியண்ணன் வம்சம், அன்னூர் நாச்சிமுத்து வளர்ப்புன்னு எழுதிப் போட்டேன். அப்புறம் திண்டுக்கல்காரன் ஒருத்தன் எழுதினான், "அண்ணா, மொளகு எச்சாப் போட்டு வறுத்தா நல்லா இருக்கும்"னு. அதுக்குக் கீழ சிரிக்கற பொம்மையாப் போட்டாங்க பாருங்க. நான் எண்ணினேன். எழுபத்திநாலு பேரு.

அண்ணன்னு நம்பி வாங்கினேன், அந்தாளு கண்ட கழிசடை முட்டையைக் குடுத்து ஏமாத்திப்போட்டான்னுதான் நெனச்சேன். வேற என்ன நெனைக்கறது? அடுத்த ஞாயித்துக்கிழமை அவரு பொண்ணுக்கு நிச்சயம். நான் கொண்டைக்காரச் சேவலை ஒரு கட்டப்பைக்குள்ள போட்டு எடுத்துட்டுப் போனேன். மாப்பிள்ளை ஊட்டு ஒரம்பரைச் சனமெல்லாம் சமுக்காளத்துல உக்காந்திருக்கறாங்க, நடுவுல தட்டம், வெத்தலை பாக்கு, பூ, பழம். நான் போய் அந்த நடுவுல பையைக் கவுத்தினேன். அந்தச் சேவல் நாயி கொஞ்சமாவது மரியாதை தெரிஞ்ச பொறப்பா இருந்தா ஓடியிருக்கும். அது வெத்தலைத் தட்டத்துல ஏறி நின்னு பேண்டுச்சு. நான், "இதுதான் உன்ர வம்சமா, பொண்ணு குடுக்கறவங்களும் பொண்ணு எடுக்கறவங்களும் நல்லாப் பாத்துக்கங்க"ன்னேன்.

பொங்கியண்ணன் கோவப்படலைங்க. எந்திரிச்சு வந்து சேவலைப் புடிச்சுப் பைக்குள்ள போட்டு என்ர கையில குடுத்தாரு. "நாச்சி, என்ர முட்டையில தப்பில்லை. நீ ஊட்டுக்குப் போ"ன்னாரு. அவ்வளவுதான். பொண்ணு உள்ள அழுதுக்கிட்டு இருந்துச்சு. அந்த நிச்சயம் நின்னு போயி, அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு எப்படியோ பேசி முடிச்சாங்கன்னு கேள்வி. எனக்குப் பத்திரிகை வெக்கலை.

ஊட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். கேட்டுப்போட்டுக் கலாமணி சோறாக்கலை, ஒண்ணும் பண்ணலை. பொழுது சாஞ்சதும் வந்து எனக்கு முன்னால நின்னா.

"முட்டையை நான்தானுங்க மாத்தினேன்"ன்னா.

"என்னடி சொல்றே?"ன்னேன்.

"ஏழாம் நாள் போன் லைட்டை அடிச்சு ஒவ்வொண்ணாப் பாத்தேனுங்க. ஒண்ணுலகூட நரம்பு ஓடலை. பதிமூணும் கூமுட்டை. நீங்க பட்டறையில, டீக்கடையில, குரூப்புல எல்லாப் பக்கமும் சொல்லியிருந்தீங்க. ஒண்ணுமே பொரிக்கலைன்னா நாலு பேரு சிரிப்பாங்கன்னு மேரி அக்காகிட்டப் பதிமூணு முட்டை வாங்கி வெச்சேன். பழசைக் குழி தோண்டிப் பொதச்சுட்டேன். அண்ணன் மேல பழி போடுவீங்கன்னு நெனைக்கலை."

கேட்டீங்களா அம்மிணி? நாலு மாசம். நான் கரையான் வெட்டறப்ப அவளும் கூட நின்னு தட்டம் புடிச்சா. நான் மூக்கு வளையும்னு சொன்னப்ப ஆமாங்கன்னா. ஒரு பொம்பளை வாய் தொறக்காம இத்தனை பெரிய பொய்யை வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு எனக்குச் சோறு போட்டிருக்கறா. எனக்கு அன்னைக்கு வந்த குமட்டல் இன்னும் போகலை. மூணு நாள் அவ கையில தண்ணி வாங்கிக் குடிக்கலை. முட்டை எப்படிக் கூமுட்டையாச்சுன்னு கேட்டா, பதினேழு நாள் வெக்கையில கெடந்துச்சில்லங்கறா. நாள் நச்சத்திரம் பாத்தது தப்புன்னு சொல்றா, பாருங்க கொழுப்பை.

பொங்கியண்ணன்கிட்டப் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வாங்கன்னு இன்னமும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கறா. நான் எதுக்குங்க கேக்கறது? மாத்தி வெச்சவ அவ.

இன்னொண்ணு கேளுங்க. நான் சத்தம் போட்டப்பக் கடைசியா என்ன சொன்னா தெரியுங்களா? "உங்க அண்ணன் முட்டையே பொரிச்சிருந்தாலும் அது கறுப்பியோட முட்டை இல்லையேங்க. கறுப்பி அதைப் பாத்துச்சா?"ன்னா. எப்படி எடக்கு பாருங்க. கோழிக்கு என்னங்க தெரியும்? ஐப்பசியில ஒரு கீரி வந்துச்சு. கறுப்பி ஓடித் தப்பிக்காம, இறக்கையை விரிச்சுக்கிட்டு முன்னால போய் நின்னு ஒரு கண்ணைக் குடுத்துட்டு வந்துச்சு. அறிவு கெட்டது. குஞ்சு வளந்து அதைவிட எச்சா ஒசரம் ஆனதுக்கு அப்புறமும் அப்படி.

அன்னையில இருந்து நான் அதுகளைத் தொடறதில்லைங்க. கண்ணால பாக்கறதுக்கே அருவருப்பா இருக்குது. சுவத்துல, மோட்டார் மேல, என்ர வண்டி சீட்டுல, எங்கயும் பேளுதுக. பேன் வேற. கையில ஏறிச்சுன்னா நாள் பூராவும் ஊறிக்கிட்டே இருக்கும். கார்த்திகையில அதுகளுக்கு அம்மை வந்து மூஞ்சி பூரா கொப்பளம் கட்டிச்சு. எனக்கு அந்த நாத்தம் ஆகலைங்க, அதனாலதான் வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுத் தடவி உட்டேன். ரெண்டு வாரம் தடவ வேண்டியிருந்துச்சு, கண்ணு மூடிக்கிச்சுன்னா அதுகளால எரை எடுக்க முடியாதில்ல, வாயைத் தொறந்து ஊட்டோணும். நாலு செத்துப் போச்சு. ஏழு நின்னுச்சு. அந்த வெள்ளைக் குண்டன் இருக்குதில்ல, அது காலைல நான் பட்டறைக்குக் கெளம்பினா பின்னாலயே தெருமுக்கு வரைக்கும் வருது. தொரத்தி உட்டாலும் வருது. நான் திரும்பக் கொண்டாந்து உள்ள உட்டுக் கதவைச் சாத்தோணும். தெனமும் இதே ரோதனை. ஏன் அறுத்துத் திங்கலைன்னு கேக்கறீங்களா? அந்தக் கறியை யாருங்க வாயில வெக்கறது.

இப்பச் சொல்லுங்க. இப்படிப்பட்டவ கையில ஒரு குழந்தையைக் குடுக்கலாமுங்களா? நாளைக்கு அதுகிட்டயும் இப்படித்தான் எதையாவது மாத்தி வெச்சுப்போட்டு வாயை மூடிக்கிட்டு இருப்பா. அது மட்டுமில்லைங்க. மனசுல பட்டதைச் சொல்லிப்போடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. யார் பெத்ததோ, எந்த ரத்தமோ. கோழியிலயே பாத்துட்டேன். நாலு மாசம் உசுரைக் குடுத்து வளத்தினேன், மூக்கு வளைஞ்சுதுங்களா? நானும் சும்மா இருக்கலைங்க. ரெண்டு தடவை நீங்க வர்றேன்னு சொன்னப்பவும் நாள் சரியில்லைன்னு நான்தான் போன் போட்டுத் தள்ளி வெச்சேன். அவளுக்குத் தெரியாது.

எனக்கும் குழந்தை ஆசை இல்லாம இல்லை. என்ன பண்றது, கட்டினவளுக்குக் குறை. பத்தொம்பது வருசம் ஆகுது கல்யாணம் ஆகி. எனக்கு ஒரு கோளாறும் இல்லை. என்ர அம்மா எத்தனையோ தடவை சொல்லுச்சு, இன்னொண்ணு கட்டிக்கடா, காங்கேயத்துப் பக்கம் பொண்ணு இருக்குதுன்னு. நான் கட்டலை. வேற எவனா இருந்தாலும் கட்டியிருப்பான். அதை அவ நெனச்சுப் பாக்கோணுமில்ல. என்ர தங்கச்சி வளைகாப்புக்கு இவ முந்திக்கிட்டுப் போயி வளையல் போடறதுக்கு உக்காந்தா. எங்கம்மா கையைப் புடிச்சு எழுப்பி உட்டு, மலடி தொடற வளையலா இது, போய்ப் பாத்திரம் கழுவுன்னு சொல்லுச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா அம்மா சொன்னதுலயும் நெசம் இருக்குதில்லைங்களா. இவ ஒரு வார்த்தை திருப்பிப் பேசலையே. போய்ப் பாத்திரம் கழுவினா. தன்மேல தப்பு இருக்கறதுனாலதானுங்க பேசலை.

ஏனுங்க, அந்த ஃபைலை எதுக்கு எடுக்கறீங்க? நாங்க குடுத்த தாளெல்லாம் அதுலதான் இருக்குதுங்களா? அப்படீன்னா அந்தக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரித் தாளும் இருக்கும். பதிமூணு வருசத்துக்கு முந்தி ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க. எல்லாத் தாளையும் குடுக்கோணும்னு ஆபீஸ்ல சொன்னாங்கன்னு அவதான் சேத்து வெச்சா. எடுத்துப் பாருங்க, அவளுக்கு என்ன குறைன்னு எழுதியிருக்கும்.

நான் பாத்ததில்லைங்க. ரிசல்ட்டு வாங்கப் போற அன்னைக்குப் பட்டறையில அவசர வேலை, அவ மட்டும் பஸ்ஸுல போய் வாங்கிட்டு வந்தா. வந்து பட்டறை வாசல்லயே நின்னா. உள்ள வரலை. "குறை என்கிட்டத்தானுங்க. உங்களுக்கு ஒண்ணுமில்லை"ன்னா. பையனுக ரெண்டு பேரு நின்னானுக, அவனுகளுக்குக் கேக்கறாப்பலதான் சொன்னா. அப்புறம் ஊட்டுக்குப் போயி அம்மாகிட்டயும் அதையே சொல்லிப்போட்டா.

எதுக்குங்க மூடறீங்க? குடுங்க இப்படி. என்ர தாளை நான் பாக்கறதுல உங்களுக்கு என்ன. இங்கிலீசு எனக்குப் படிக்க வராதுன்னு நெனைக்காதீங்க, டிராயிங் பூரா இங்கிலீசுலதான் வருது.

இது அவளுது. கலாமணி, இருபத்தெட்டு. நார்மல்னு போட்டிருக்குது. கீழயும் நார்மல். இதும் நார்மல். எல்லாமே நார்மல்னா என்னங்க அர்த்தம்? அப்புறம் எங்க போட்டிருக்கறாங்க அந்தக் குறையை? வேற தாளுல இருக்குதுங்களா?

இது என்ரது. நாச்சிமுத்து, முப்பத்திமூணு. இங்க பூஜ்யம் போட்டிருக்குது. இதுக்கு நேராவும் பூஜ்யம். மிசின்ல ரீடிங் பாக்கறவனுக்குப் பூஜ்யம் தெரியாதுங்களா அம்மிணி. இது எதோட கணக்குன்னு மட்டும் சொல்லுங்க.

மெதுவாச் சொல்லுங்க. இன்னொரு தடவை சொல்லுங்க.

அப்பக் குறை என்கிட்டத்தான். மொத நாள்ல இருந்து என்கிட்டத்தான்.

தாளு மாறியிருக்குமோ? இல்லை. பேரு என்ரது. கீழ இருக்கற கையெழுத்தும் நான் போட்டதுதான்.

பதிமூணு வருசமுங்க. ஊருக்குள்ள அவளை என்னென்ன பேரு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். நானே சொல்லியிருக்கறேன், கோவத்துல. அந்த வளைகாப்புல அவ எந்திரிச்சுப் போறப்ப நான் பக்கத்துல நின்னு வெத்தலை மென்னுக்கிட்டு இருந்தேன் அம்மிணி. அவளுக்குத் தெரியும் குறை யாரோடதுன்னு. தெரிஞ்சுக்கிட்டே போய் அந்தப் பாத்திரத்தைக் கழுவியிருக்கறா. அதுக்கு அப்புறம் எனக்குச் சோறு போட்டிருக்கறா. நான் அதைத் தின்னிருக்கறேன்.

என்னை நெனச்சா எனக்கே குமட்டுதுங்க. வெளிய இருந்து வர்ற நாத்தம் இல்லை இது.

தண்ணியெல்லாம் வேண்டாம். உக்காருங்க. நான் இத்தனை நேரம் பேசினதுல எதையாவது எழுதிப்போட்டீங்களா? எழுதியிருந்தா அடிச்சுப்போடுங்க. மொதல்ல வேண்டாம்னு சொன்னேன் பாருங்க, அதை அடிங்க. அப்படி எழுத முடியாதுன்னா, குறை புருசன்காரன்கிட்டத்தான், அவகிட்ட ஒண்ணுமில்லைன்னு எழுதுங்க. அவ கையில குழந்தையைக் குடுக்கலாம்னு எழுதுங்க. நான் எப்படிப்பட்டவன்னு நீங்களே கேட்டுட்டீங்க, என்னைப் பத்தி என்ன எழுதறதுன்னு எனக்குச் சொல்லத் தெரியலை.

கேட் சத்தம் கேக்குது. அவதான். தாளை உள்ள வெச்சு மூடுங்க அம்மிணி, சீக்கிரம். நான் பாத்தேன்னு சொல்லிராதீங்க. சொல்ல வேண்டியவன் நான்தான், சொல்லிருவேன், அம்மாவை உக்கார வெச்சுக்கிட்டு அவளுக்கு முன்னாலயே சொல்லிருவேன். இன்னைக்கு மட்டும் வேண்டாம். இன்னைக்கு அவ மொகத்தை என்னால பாக்க முடியாது.

கலா, பாலை அப்புறம் காச்சிக்கலாம், நீ மொதல்ல இங்க வந்து உக்காரு. அம்மிணி வந்து ரொம்ப நேரம் ஆச்சு. கையெழுத்து எங்க போடறதுன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.